லேத்துக்கு எண்ணெய்: அறிகுறியை வைத்துப் பழுது பிடிக்கும் முறை

வீட்டுப் பட்டறைகளில் அதிகம் ஓடுவது நாலரை அடி, ஆறடி பெல்ட் லேத்துகள்தான். கோன் புல்லி (படிப்படியான பெல்ட் சக்கரம்), பேக் கியர் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள்), கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷில் சுற்றும் ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் அச்சு). "பேரிங் போச்சு", "பெட் தேஞ்சு போச்சு" என்று கூப்பிடுகிறவர்களின் மெஷினைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அடைபட்ட ஒரு துளையில் போய்த்தான் விஷயம் நிற்கும். எண்ணெயே விடாதவர்கள் குறைவு. காலையில் கேனை எடுத்து எல்லா நிப்பிளிலும் (எண்ணெய் விடும் வாய்) விட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். விட்ட எண்ணெய் உள்ளே இறங்கியதா, மறுபக்கம் எட்டிப் பார்த்ததா என்று கவனிப்பதில்லை. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் நான் முதலில் தேடுவது அதைத்தான். காரணங்களைச் செலவில்லாததில் தொடங்கி, பணம் கரைகிற காரணத்தில் முடித்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சக் சாவி சக்கில் (கடையும் துண்டைக் கவ்வும் பாகம்) இருக்கக் கூடாது. ஓடுகிற லேத்தைத் துணியால் துடைக்காதீர்கள், கையுறை போட்டுக்கொண்டு கிட்டே போகாதீர்கள். துணி ஒரு சுருளில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். "ஓட்டிப் பாருங்கள்" என்று நான் சொல்லும் இடங்களில் கியர் கவர், பெல்ட் கவர் மூடியிருக்க வேண்டும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். நீள மூக்குள்ள ஆயில் கேன், ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, பெயிண்ட் பிரஷ், டார்ச், சிறு காந்தம், மண்ணெண்ணெய் அல்லது டீசல், நூல் பிரியாத பனியன் வேஸ்ட். டயல் இண்டிகேட்டர் (நுண்ணிய அசைவை ஊசியில் காட்டும் கருவி) இருந்தால் நல்லது.

எண்ணெயில் இரண்டு வகை வைத்துக்கொண்டால் வீட்டு லேத்துக்குப் போதும். பொது இடங்களுக்கு வி.ஜி. 68 ஹைட்ராலிக் ஆயில்: சர்வோசிஸ்டம் 68, கேஸ்ட்ரால் ஹைஸ்பின் 68 போன்றவை. பெட் (லேத்தின் நீள அடித்தளம்), கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) போன்ற வழுக்குப் பரப்புகளுக்கு ஸ்லைடுவே ஆயில்: மொபில் வேக்ட்ரா 2 மாதிரி. வி.ஜி. எண் என்பது 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் கெட்டித்தன்மை. எண் ஏற ஏற எண்ணெய் கெட்டி. வேகமாகச் சுற்றும் புஷ் ஸ்பிண்டிலுக்கு 22 அல்லது 32 கேட்கும் மெஷின்களும் உண்டு. ஹெட் ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் உட்கார்ந்திருக்கும் பெட்டி) தகடு அடித்திருந்தால் அதில் சொன்னதே சட்டம்.

விடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி மெக்கானிக் கடையில் வடித்த வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும், 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்தும் போகும். கோவையில் மார்கழிக் காலையில் அது துளைக்குள்ளேயே கட்டிவிடும். கியர் பாக்ஸுக்கான 90 நம்பர் ஆயிலில் கந்தகச் சேர்மானம் உண்டு. சூட்டில் அது கன்மெட்டலை அரிக்கும். எண்ணெய்த் துளையில் கிரீஸ் அடிப்பது இவை எல்லாவற்றையும் விடக் கெடுதல். மைஃபோர்டு போன்ற சில லேத்துகளின் ஆயில் நிப்பிள் பார்ப்பதற்குக் கிரீஸ் நிப்பிள் போலவே இருக்கும். அதை நம்பி யாரோ கிரீஸ் கன்னை வைத்து அழுத்தியிருப்பார்கள். திரி, துளை எல்லாம் ஒரே நாளில் அடைந்திருக்கும்.

அறிகுறி 1: ஹெட் ஸ்டாக் சூடேறுகிறது

முதலில் எவ்வளவு சூடு என்று பாருங்கள். நடுத்தர வேகத்தில், ஜாப் (கடையும் துண்டு) இல்லாமல், அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்தியதும் முன் பேரிங் மேலே உள்ளங்கையை வையுங்கள். நிதானமாகப் பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிந்தால் கவலை இல்லை. மூன்று எண்ணுவதற்குள் கை தானாக விலகினால் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது. பின் பேரிங்கிலும் அதே மாதிரி பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்தின் எண்ணெய் வழியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் கொதித்தால் பெல்ட் இறுக்கம், எண்ணெயின் கெட்டித்தன்மை ஆகியவற்றைப் பாருங்கள்.

*ஓடும்போதே வேகம் குறைந்து மோட்டார் முக்கினால்:* உடனே அணையுங்கள். அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைத் தளர்த்தி, சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஆறவிடுங்கள். சூட்டில் நிறுத்திவைத்தால் ஸ்பிண்டிலும் புஷ்ஷும் கவ்விக்கொள்ளும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

*புஷ் பேரிங் லேத்து என்றால்* பார்க்க வேண்டியது முதலில், கிண்ணத்து எண்ணெயைப் பேரிங்குக்கு இழுக்கும் திரிதான். எண்ணெய்க் கிண்ணம் நிரம்பியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாதக்கணக்கில் கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் குறையவே இல்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மெல்லிய கம்பியை வளைத்துக் கொக்கியாக்கித் திரியை வெளியே எடுங்கள். நல்ல திரி மெத்தென்று இருக்கும், விரலில் அழுத்தினால் எண்ணெய் கசியும். கெட்ட திரி பழுப்பேறி, விறைத்து, முனை பளபளப்பாக இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிழியுங்கள். மெத்தென்று ஆகாவிட்டால் புதிது போடுங்கள்.

புதுத் திரிக்குக் கம்பளி நூல் அல்லது கம்பளி ஃபெல்ட் வேண்டும். நைலான் நூல், பாலியஸ்டர் நூல் அந்த அளவுக்கு எண்ணெயை இழுக்காது. போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சிறு டம்ளரில் எண்ணெய் ஊற்றி, திரியை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, ஒரு முனையை உள்ளே விட்டு, மறு முனையை விளிம்பைத் தாண்டி எண்ணெய் மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் முனையில் எண்ணெய் முத்தாகத் திரண்டு, பெருத்து, நிதானமாக விழும். அடுத்தது திரளும். இப்படி விடாமல் சொட்டினால் அந்தத் திரியை நம்பிப் போடலாம். ஒரு மணி நேரமாகியும் முனை வெறுமனே ஈரமாகவே இருந்தால் அது உதவாது.

திரி சரி என்றால் பெல்ட். இரண்டு புல்லிக்கும் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவாவது தாழ வேண்டும். வீணைக் கம்பி போல விறைப்பாக இருந்தால் அந்த இழுப்பு முழுவதும் புஷ்ஷின் ஒரே பக்கத்தில் விழும்.

அதற்கடுத்து எண்ணெயின் கெட்டித்தன்மை. 32 போட வேண்டிய இடத்தில் 68, 100 என்று போட்டிருந்தால் வடித்துவிட்டு மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடு குறையவில்லை என்றால் இடைவெளியை அளங்கள். ஸ்பிண்டில் துளையில் ஒரு கனமான கம்பியை நுழைத்து, மேல்நோக்கி நெம்பி, சக்குக்குப் பின்னால் ஸ்பிண்டில் மேல் டயலை வைத்துப் பாருங்கள். புஷ் லேத்தில் 0.02 – 0.03 மி.மீ. ஆட்டம் தெரிய வேண்டும். எண்ணெய்ப் படலத்துக்கு அந்த இடம் தேவை. ஊசி அசையவே இல்லை என்றால் யாரோ பேரிங் மூடியை இறுக்கியிருக்கிறார்கள், அல்லது ஷிம் தகட்டை (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) உருவியிருக்கிறார்கள். மூடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்து விட்டுவிடக் கூடாது. எடுத்த ஷிம்மைத் திரும்ப வைத்து முழுதாக இறுக்க வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஆட்டம் 0.1 மி.மீ.யைத் தாண்டிவிட்டது, அல்லது வடித்த எண்ணெயில் பொன்னிறத் தூள் மின்னுகிறது. புஷ் கடைந்து, ஸ்பிண்டிலோடு நீலம் பூசிப் பார்த்துச் சுரண்டி உட்காரவைக்கும் வேலை அது. அனுபவமுள்ள ஃபிட்டர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

*டேப்பர் ரோலர் பேரிங் லேத்து என்றால்* எண்ணெய் மட்டம் கண்ணாடியின் நடுவில் நிற்க வேண்டும். குறைவாக இருந்தாலும் சூடு, மேலே ஏறி நின்றாலும் சூடு. கிரீஸ் அடைத்த பேரிங் என்றால் உள்ளே உள்ள காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் போதும். அள்ளி அடைத்தால் கடைந்து கடைந்து சூடேறும். பின்பக்க நட்டை யாராவது சமீபத்தில் இறுக்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். சூட்டுக்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த நட்டைச் சரிபண்ணத் தெரியாவிட்டால் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

*சீன மினி லேத்து என்றால்* அதில் பல மாடல்களில் ஹெட் ஸ்டாக்குக்கு எண்ணெய் விடும் துளையே கிடையாது. 6206 வகை மூடிய பால் பேரிங்தான் இருக்கும். சூடேறி இரைந்தால் பேரிங்கை மாற்றுவதைத் தவிர எண்ணெயால் ஒன்றும் ஆகாது.

*கியர் ஹெட் லேத்து என்றால்* பம்ப் உள்ள மெஷின்களில் மேல் கண்ணாடியில் எண்ணெய் ஓடுவது தெரிய வேண்டும். ஓடவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு, மட்டத்தையும் உறிஞ்சு குழாயின் சல்லடையையும் பாருங்கள். கழற்றி மாட்டிய மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் சில பம்ப் எண்ணெய் ஏற்றாது.

அறிகுறி 2: கீச்சென்ற சத்தம்

சத்தத்தைத் துரத்துவதைவிட, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம்.

*டெயில் ஸ்டாக் சென்டர் (ஜாப்பின் மறு முனையைத் தாங்கும் கூர்முனை) பிடித்தால் மட்டும் வருகிறது:* அசையாத சென்டர் காய்ந்திருக்கிறது. ஜாப்பின் சென்டர் துளையைத் துடைத்து மாலிப்டினம் கிரீஸ் வையுங்கள். தொடங்கும்போது அமைதியாக இருந்து, கடையக் கடைய சத்தம் வந்தால் ஜாப் சூட்டில் நீண்டிருக்கிறது. 300 மி.மீ. இரும்புக் கம்பி 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.14 மி.மீ. நீளும், சென்டர் கவ்விக்கொள்ள அது போதும். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, குயிலை (சென்டரைத் தாங்கி நீளும் குழல்) தளர்த்தி, கிரீஸ் வைத்து மறுபடி பிடியுங்கள். சுற்றும் சென்டரே கீச்சிட்டால் அதன் பேரிங் போயிருக்கும். வேறு சென்டர் வாங்கிவிடலாம், பிரித்து மாற்றுவது விலைக்குக் கட்டாது.

*ஃபீட் (டூல் தானாக நகர்வது) போட்டால் மட்டும் வருகிறது:* சேஞ்ச் கியர்கள் (ஃபீடின் வேகத்தை மாற்றும் கியர்கள்). பல்லில் எண்ணெய் பளபளத்தாலும் கியர் சுற்றும் ஸ்டட்டில் (அச்சுத் தண்டு) எண்ணெய் இருக்காது. ஸ்டட்டின் முகப்பில் நடுவே ஒரு சின்னத் துளை அல்லது நிப்பிள் இருக்கும்; எண்ணெய் அங்கேதான் போக வேண்டும். துளை இல்லாவிட்டால் கியரைக் கழற்றி, ஸ்டட்டைத் துடைத்து, எண்ணெய் பூசி மாட்டுங்கள். பல்லுக்கு ஒட்டும் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும்.

*பேக் கியரில் மட்டும் வருகிறது:* எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். பேக் கியரில் ஓட்டும்போது கோன் புல்லி ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்றுவதில்லை. ஸ்பிண்டில் மெதுவாகப் போக, புல்லி அதன் மேல் தனியாக வேகமாகச் சுற்றுகிறது. புல்லிக்குள் ஒரு புஷ் இருக்கிறது, அதற்கும் எண்ணெய் வேண்டும். துளை எங்கே என்றால், பெல்ட் ஓடும் படிகளில் ஒன்றிலோ அவற்றுக்கு இடையிலோ சின்னத் திருகு ஒன்று மூடியிருக்கும். பல வருடம் பெல்ட் ஓடி, அழுக்கும் பெயிண்டும் ஏறி, திருகு இருப்பதே தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியால் புல்லியைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கையால் சுற்றிக்கொண்டே தேடுங்கள். கிடைத்ததும் திருகைக் கழற்றி, துளையை மேல்நோக்கி வைத்து, எண்ணெய் விட்டு, பேக் கியரில் கையால் சில சுற்று சுற்றி, மறுபடி விடுங்கள். புல்லி ஓரத்தில் கறுப்புக் கசிவு வரும். தெளிந்த எண்ணெய் வரும் வரை விடுங்கள். திருகை மறக்காமல் மூடி, புல்லியில் வழிந்ததைத் துடைத்துவிட்டுப் பெல்ட்டைப் போடுங்கள். பேக் கியர் ஷாஃப்ட்டின் துளையையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

*ஸ்பிண்டில் சுற்றாதபோதும் வருகிறது:* பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். சத்தம் இருந்தால் மோட்டார் பேரிங். ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள். சத்தம் நின்றால் பெல்ட். பெல்ட்டுக்கு எண்ணெய் காட்டாதீர்கள்.

அறிகுறி 3: கேரேஜ் கனமாக நகர்கிறது

பிடி சக்கரத்தைச் சுற்றிக் கேரேஜை (டூலைச் சுமந்து பெட் மேல் நகரும் பாகம்) சக் பக்கத்திலிருந்து டெயில் ஸ்டாக் பக்கம் வரை ஒருமுறை கொண்டுபோங்கள். எங்கே கனக்கிறது என்பதுதான் காரணத்தைக் காட்டும்.

*முழு நீளத்துக்கும் ஒரே கனம்:* கேரேஜ் லாக் போல்ட் பாதி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இதைப் பார்க்காமலே ஜிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) தளர்த்திவிடுகிறார்கள். அடுத்து சேடிலின் (கேரேஜில் பெட் மேல் உட்காரும் பகுதி) நான்கு மூலையிலும் உள்ள வைப்பர் (பெட்டைத் துடைக்கும் ஃபெல்ட்). கழற்றி ஃபெல்ட்டைக் கவனியுங்கள். இரும்புத் தூள் பதிந்து கறுத்திருந்தால் அது துடைக்கிற வேலையை விட்டுவிட்டு உரசுகிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மண்ணெண்ணெயில் பலமுறை அலசுங்கள், காந்தத்தை ஓட்டுங்கள், இன்னும் தூள் வந்தால் புது ஃபெல்ட் வெட்டிப் போடுங்கள்.

வைப்பர் சுத்தமானதும் பெட்டை மண்ணெண்ணெயில் துடையுங்கள். பழைய எண்ணெய் மஞ்சள் வார்னிஷ் மாதிரி படிந்திருக்கும். நகத்தால் கீறினால் தெரியும். துடைத்து முடித்ததும் சேடிலின் மேல் உள்ள துளைகளில் ஸ்லைடுவே ஆயில் விட்டுக் கேரேஜை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இப்போது சேடிலின் இரண்டு பக்கமும் பெட்டில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். கோடு விழாத பக்கம் துளை அடைத்திருக்கிறது. அறிகுறி 5-க்குப் போங்கள். சில லேத்துகளில் கிராஸ் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால்தான் இந்தத் துளைகள் கண்ணில் படும்.

வார்ப்பிரும்பு கடைகிறவர்கள் இதை அதிகம் அனுபவிப்பார்கள். அந்தத் தூள் மாவு மாதிரி மெல்லியது, எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிப் பெட்டையே தேய்த்துவிடும். வார்ப்பிரும்பு வேலை தொடங்கும் முன் பெட்டில் நிற்கும் எண்ணெயைத் துடையுங்கள். முடிந்ததும் தூளை அள்ளி, துடைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள். எமரி பேப்பர் போடும்போது பெட் மேல் துணியோ பேப்பரோ கட்டாயம் விரியுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள். காற்று தூளை வைப்பருக்கு அடியிலேயே திணிக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

*சக் பக்கம் லேசாகவும் டெயில் ஸ்டாக் பக்கம் கனமாகவும் இருக்கிறது:* இது தேய்மானம். தினமும் வேலை நடக்கும் சக் பக்கத்தில் பெட் தேய்ந்திருக்கிறது. அங்கே ஆட்டம் வராமல் ஜிப்பை இறுக்கியிருக்கிறார்கள். தேயாத பக்கம் வந்ததும் பிடிக்கிறது. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் இது மாறாது. ஜிப்பைத் தேயாத பக்கத்தில் நகரும் அளவுக்கு வைத்துவிட்டு வேலை செய்யலாம். பெட் கிரைண்டிங் என்று யாராவது சொன்னால், கிரைண்ட் செய்தபின் சேடில் தாழும், லீட் ஸ்க்ரூவும் (கேரேஜை இழுக்கும் நீள மரைத்தண்டு) ஏப்ரனும் (கேரேஜின் முன்பக்கப் பெட்டி) நேர்க்கோட்டில் நிற்காது, அதையும் சேர்த்துச் சரிசெய்து தருவார்களா என்று கேளுங்கள். பெட்டை மட்டும் கிரைண்ட் செய்து தரும் இடத்தில் கொடுக்காதீர்கள். வீட்டு வேலைக்கு அந்தச் செலவு தேவைப்படுவது அபூர்வம் என்பது என் கருத்து.

*ஒரே ஒரு இடத்தில் முட்டுகிறது:* ரேக் (பெட்டுக்கு அடியில் உள்ள பல் பட்டை) பல்லில் சுருள் சிக்கியிருக்கும். பெட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, பிரஷ்ஷால் எடுங்கள்.

அறிகுறி 4: கிராஸ் ஸ்லைடு குதித்துக் குதித்து நகர்கிறது

கைப்பிடியை 0.05 மி.மீ. நகர்த்தினால் ஒன்றும் ஆகாது, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் ஒரேயடியாக 0.1 போய்விடும். ஸ்லைடில் டயலை வைத்துப் பார்த்தால் ஊசி நின்று நின்று தாவும்.

ஸ்லைடைப் பின்னுக்கு எடுத்து டவ்டெயில் (சாய்வுப் பள்ளம்) பரப்பைத் துடைத்து, ஸ்லைடுவே ஆயில் விடுங்கள். சாதாரண ஹைட்ராலிக் ஆயிலில் குதித்த ஸ்லைடு ஸ்லைடுவே ஆயிலுக்கு மாறியதும் ஒழுங்காக நகர்வதை இங்கே கண்ணால் பார்க்கலாம்; அது பரப்பில் ஒட்டி நிற்கும், அழுத்தத்தில் பிதுங்கி ஓடாது. பிறகும் குதித்தால் ஜிப் திருகுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக, சமமாக வையுங்கள். நடுத் திருகு மட்டும் இறுகியிருந்தால் ஜிப் வளைந்து இப்படித்தான் பிடிக்கும். அதற்குப் பிறகு ஸ்க்ரூ நட்டைப் பாருங்கள். நட்டுக்கு எண்ணெய் போகும் துளை ஸ்லைடின் நடுவில் இருக்கும், தூள் அடைத்திருக்கும்.

கைப்பிடியைத் திருப்பும்போது வெறும் சுற்று 0.2 மி.மீ. வரை இருந்தால் அதோடு வேலை செய்து பழகலாம். அரை மி.மீ.க்கு மேல் போனால் புது கன்மெட்டல் நட் கடைந்து போட வேண்டும். லேத்து உங்களிடமே இருப்பதால், வெளியே போகும் முன் நட்டை நீங்களே கடைந்து வைத்துக்கொள்ளலாம். ஸ்க்ரூவும் தேய்ந்திருந்தால் மட்டும் வெளிவேலை.

அறிகுறி 5: நிப்பிள் எண்ணெயை வாங்க மறுக்கிறது

கேன் மூக்கை வைத்து அழுத்தினால் எண்ணெய் பக்கவாட்டில் வழிந்துவிடும். நிப்பிளைச் சுற்றி மினுமினுப்பாக இருப்பதால் எண்ணெய் போய்விட்டதாகத் தோன்றும்.

நிப்பிளின் நடுவில் உள்ள சின்னப் பந்தை மழுங்கிய கம்பியால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பி வந்தால் ஸ்பிரிங் நல்லது. கேன் மூக்குதான் சரியாக உட்காரவில்லை, மூக்கின் முனையைத் தட்டையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பந்து அசையாவிட்டால் பெயிண்ட்டோ தூளோ பிடித்திருக்கிறது. நிப்பிளைச் சுற்றித் துடைத்த பிறகுதான் பந்தை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெளி அழுக்கெல்லாம் உள்ளே போகும்.

பந்து அசைகிறது, ஆனாலும் இறங்கவில்லை என்றால் துளைக்குள் பழைய கிரீஸ் கட்டியிருக்கிறது. சிரிஞ்சில் மண்ணெண்ணெய் ஏற்றி, பந்தைக் கம்பியால் ஓரமாக அழுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு இரவு ஊறட்டும். மறுநாள் மறுபடி சிரிஞ்சால் அழுத்துங்கள். கறுப்புக் கூழ் மறுபக்கம் வரத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. மண்ணெண்ணெய் தெளிவாக வரும் வரை விட்டு, அதன் பின்னால் நல்ல எண்ணெயை நிறைய விட்டு மண்ணெண்ணெயைத் தள்ளிவிடுங்கள். மண்ணெண்ணெய் உள்ளே தங்கியிருக்கும்போது மெஷினை ஓட்டக் கூடாது. அது எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்.

ஊறவைத்தும் வழிவிடாத நிப்பிளைப் பிடுங்கிவிட்டுப் புதிது அடிக்கலாம், பேரிங் கடைகளில் 6 மி.மீ., 8 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். ஆனால் ஸ்பிண்டில் பேரிங்குக்கு நேர் மேலே உள்ள நிப்பிளில் டிரில் வைக்காதீர்கள். சுருள் நேராகப் பேரிங்குக்குள் விழும். அந்த ஒன்றுக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுவது மலிவு.

அறிகுறி 6: திரெட் வெட்டும்போது உதறல், ஹாஃப் நட் முழுதாக மூடவில்லை

லீட் ஸ்க்ரூ மரையில் சுருள் இறுகியிருக்கும். பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டு, ஸ்க்ரூவைக் கையால் சுற்றிச் சுற்றி, முழு நீளமும் தேயுங்கள். அதோடு ஹாஃப் நட்டை (லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் இரு பாதி நட்) திறந்து கீழிருந்து பிரஷ்ஷை விட்டு அதன் மரையையும் தேயுங்கள். ஸ்க்ரூவை மட்டும் சுத்தம் செய்தால் நட்டில் உள்ள தூள் மறுநாளே ஏறிக்கொள்ளும். எண்ணெயை மெல்லிய பூச்சாக விடுங்கள், சொட்டச் சொட்ட விட்டால் சுருளைப் பிடித்துவைக்கும்.

லீட் ஸ்க்ரூவின் வலது கோடியில், டெயில் ஸ்டாக்குக்குக் கீழே, ஒரு பிராக்கெட் உண்டு. அதன் தலையில் ஒரு துளை. அந்தத் துளையில் எண்ணெய் பார்த்த லேத்து எனக்கு அரிதாகத்தான் கிடைத்திருக்கிறது. அங்கே புஷ் காய்ந்தால் ஸ்க்ரூ விட்டு விட்டுச் சுற்றும், உதறல் ஜாப்பில் தெரியும்.

சுத்தம் செய்தும் ஹாஃப் நட் வழுக்கினால் நட் தேய்ந்துவிட்டது. மாற்றுவதற்கு ஏப்ரனை இறக்க வேண்டும். அது கனமானது, ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள்.

அறிகுறி 7: எண்ணெய் வழிகிறது, பெல்ட் வழுக்குகிறது

திரி வைத்த பழைய லேத்தில் எண்ணெய் கொஞ்சம் வெளியே வருவது அதன் இயல்பு. விட்ட எண்ணெய் பேரிங் வழியாக வந்து கீழே சொட்டத்தான் வேண்டும். தட்டு வையுங்கள், நிறுத்தப் பார்க்காதீர்கள். பிடித்த எண்ணெயை மறுபடி ஊற்றவும் வேண்டாம்.

சொட்டுக்குப் பதில் ஓடையாக வந்தால் முதலில் மட்டம் அதிகமா என்று பாருங்கள். அடுத்து, பேரிங்கின் அடிப்பக்கத்தில் எண்ணெய் திரும்பிப் போகும் துளை. அது அடைத்தால் எண்ணெய் சக் பக்கம் பிதுங்கி, சக் சுற்றும்போது சுவர், சட்டை எல்லாம் கோடு போடும். துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். சீலோ கேஸ்கெட்டோ மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். ரப்பர் உப்பியிருந்தால் பெல்ட்டை மாற்றுங்கள்.

அறிகுறி 8: எண்ணெயின் நிறம் மாறிவிட்டது

வெள்ளை வெள்ளையாக, மோர் மாதிரி இருந்தால் கூலண்ட் அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. வடித்து, புது எண்ணெய் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுங்கள். பித்தளை நிறத் தூள் மின்னினால் வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் தூள் புஷ்ஷிலிருந்து வருகிறது. ஒட்டும் சாம்பல் தூள் கியரிலிருந்தோ ரோலர் பேரிங்கிலிருந்தோ வருகிறது. செதிலாக, நகத்தால் எடுக்கும் அளவுக்கு ஒட்டினால் மெஷினை ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள். வெறும் கறுப்பு என்றால் மாற்றினால் போதும்.

அறிகுறி 9: பெட்டில் துரு

வேர்வைக் கையும் ஐப்பசி மழையும் இரண்டே நாளில் செய்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து ஸ்லைடுவே ஆயில் பூசுங்கள். விழுந்த துருவை எண்ணெய் தொட்ட மெல்லிய ஸ்டீல் வூலால் லேசாக எடுத்து, துகளை முழுதாகத் துடைக்கவும். எமரி போட்டுத் தேய்க்காதீர்கள். குவித்து மூடும் பிளாஸ்டிக் ஷீட்டைவிடப் பருத்தித் துணி நல்லது. பிளாஸ்டிக்குக்கு அடியில் ஈரம் தங்கும்.

அறிகுறி 10: எண்ணெய் எல்லாம் சேர்கிறது, ஆனாலும் ஜாப்பில் அலை விழுகிறது

டூல் நீட்டிப் பிடித்திருக்கிறதா, டூல் முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காம்பவுண்ட் (கிராஸ் ஸ்லைடு மேல் உள்ள சிறு ஸ்லைடு), கிராஸ் ஸ்லைடு ஜிப். பிறகு சக்: தாடை விரிந்து பிடிக்கிறதா? சக்கின் உள் ஸ்க்ரோலுக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், தூளை இழுக்கும். பிரித்துக் கழுவி மெல்லிய கிரீஸ் தடவினால் போதும். இவை எல்லாம் சரி, அறிகுறி 1-இல் சொன்ன டயல் சோதனையில் ரோலர் பேரிங் ஸ்பிண்டில் 0.02 மி.மீ.க்கு மேல் ஆடுகிறது என்றால் பேரிங் வேலை. கூப்பிடும்போது எந்தப் பக்கம் எவ்வளவு ஆடியது, அரை மணி நேர ஓட்டத்தில் எந்தப் பேரிங் சூடானது, வடித்த எண்ணெய் என்ன நிறம் என்று எழுதிவைத்துச் சொல்லுங்கள். வடித்த எண்ணெயை ஒரு பாட்டிலில் எடுத்துவையுங்கள். வருகிற ஃபிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.